பெரியப்பாவின் தட்டும் ஒரு சிறு பெட்டியும்

ஆனி மாதத்து மழை தலவாக்கலையில் ஓயாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலைப் பொழுது. கொத்மலை ஓயாவின் இரைச்சல் வீட்டு வாசல் வரை கேட்டது. அப்பொழுது நீலகிரியிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் என் பெரியப்பா. எண்பத்தேழு வயது முதியவர். நலம் விசாரித்து முடிந்ததும் சற்றுத் தயங்கினார். பிறகு, "தம்பி, அந்தத் தட்டுங்க இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கிறது, பெரியப்பா" என்றேன்.

"அந்த முருகன் பாட்டுத் தட்டு?"

"இருக்கும். பார்க்கிறேன்."

"ஒருக்கா கேக்கணும் போல இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

வாசக அன்பர்கள் இதனை ஒரு முதியவரின் சிறு விருப்பம் என்று எண்ணலாம். நானும் அன்று அப்படித்தான் எண்ணினேன். அந்தச் சிறு விருப்பத்தை நிறைவேற்ற மூன்று மாதமும், ஒரு தவறான கொள்முதலும், நான் பள்ளி நாளில் கற்று மறந்த பௌதிகமும் வேண்டியிருந்தன. வீட்டில் பழைய இசைத்தட்டுகளை வைத்துக்கொண்டு அவற்றை எவ்வாறு கேட்பது என்று தெரியாமல் இருப்போர் இப்பகுதியில் பலர் உண்டு. என் அனுபவம் அவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் இதனை எழுதுகின்றேன்.

முதலில் அந்தத் தட்டுகளின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1968ஆம் ஆண்டு, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் மின்கலத்தில் ஓடும் ஒரு சிறு தட்டுப்பெட்டி வாங்கினார். லயத்துக் காம்பராக்களில் மின்சாரம் இல்லாத காலம் அது. இலங்கை வானொலி நாள்தோறும் பாடல்களை வாரி வழங்கிக்கொண்டிருந்த வேளையில் காசு கொடுத்துத் தட்டு வாங்குவானேன் என்று என் தந்தையார் கேட்டாராம். அதற்குப் பெரியப்பா, "ரேடியோ அவங்க நினைச்ச நேரத்துல பாடும். இது நான் நினைச்ச நேரத்துல பாடும்" என்று விடை சொன்னாராம். நாள் முழுவதும் சங்கின் ஓசைக்கும் பிரட்டுக்களத்து அழைப்புக்கும் கட்டுப்பட்டு வாழ்ந்த ஒரு மனிதர், தாம் நினைத்த நேரத்தில் நடக்கும் ஒரு காரியத்தைத் தமக்கென வைத்துக்கொள்ள விரும்பியதில் வியப்பென்ன?

1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் அதில் கூறப்பட்டது. மனிதரை எண்ணிப் பங்கிட்ட அந்தக் கணக்கில் எங்கள் பெரியப்பா ஒரு பக்கமும் என் தந்தையார் மறுபக்கமும் விழுந்தனர். 1973இல் பெரியப்பா தம் குடும்பத்துடன் தலவாக்கலை நிலையத்தில் கோச்சி ஏறினார். பொல்காவலையில் மாறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் சேர்ந்தார். தாயகம் திரும்பியோருக்கு வேலையளிக்கத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. அவற்றுள் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. இங்கும் தேயிலை, அங்கும் தேயிலை. இடையில் ஒரு கடல்.

தட்டுப்பெட்டியையும் தட்டுகளையும் அவர் என் தந்தையாரிடம் விட்டுச் சென்றார். பெட்டியின் மின்கலங்கள் கசிந்து உள்ளே துருவேறி, நான் பிறக்குமுன்னரே அது பயனற்றுப் போயிற்று. தட்டுகளை மட்டும் என் தாயார் தகரப் பெட்டியில் பழைய சேலைகளுக்கு நடுவே வைத்துக் காத்து வந்தார். மொத்தம் பதினொரு தட்டுகள். எல்லாம் நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும் சிறிய தட்டுகள். அவற்றுள் ஒன்று டி. எம். சௌந்தரராஜன் பாடிய முருகன் பாடல்கள் அடங்கியது. அதன் நடுத்தாளில் பெரியப்பா தம் பெயரையும் வாங்கிய தேதியையும் மையினால் எழுதியிருந்தார்.

தட்டுகளின் மேல் மலைநாட்டு ஈரம் வெண்பூஞ்சணமாகப் படர்ந்திருந்தது. வடித்த நீரில் ஒரு துளி மென்சோப்புக் கலந்து, மெல்லிய துணியால் பள்ளங்களின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, நடுத்தாள் நனையாமல் பார்த்துக்கொண்டு, நிழலில் உலர்த்தினேன். வெளிநாடு சென்ற நண்பர் ஒருவர் தம் தட்டுச்சுழற்றியை எனக்குக் கொடுத்துச் சென்றிருந்தார். வீட்டில் ஒலிபெருக்கும் கருவியும் இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளும் இருந்தன. இனிக் குறையென்ன? கம்பிகளை இணைத்தேன். தட்டு சுழன்றது. ஊசியை வைத்தேன்.

கருவியின் திருகியை முழுதும் திருப்பிய பின்னரும், சுவருக்கு அப்பால் யாரோ முணுமுணுப்பது போன்ற ஓசையே வந்தது. மிருதங்கம் இல்லை. பாடகரின் கம்பீரம் இல்லை. கொசு பாடுவது போல ஏதோ ஒன்று.

"தட்டு செத்துப்போச்சு போல, தம்பி" என்றார் அம்மா.

என் மகள் கைபேசியை எடுத்து நொடிப்பொழுதில் அதே பாடலை ஒலிக்கச் செய்தாள். "இதையே பெரிய தாத்தாவுக்கு அனுப்பலாமே, அப்பா?" என்றாள். அவள் கேள்வியில் நியாயம் இருந்தது. பெரியப்பாவிடமும் கைபேசி உண்டு. அவருடைய பேரப்பிள்ளைகள் அந்தப் பாடலை அவருக்குப் பலமுறை போட்டுக் காட்டியும் இருக்கிறார்கள். ஆயினும் அவர் கேட்டது பாடலை அன்று, தட்டை.

அன்றிரவு சிறிது படித்துப் பார்த்தேன். தட்டுச்சுழற்றியின் முனையில் ஊசியைத் தாங்கியிருக்கும் உறுப்பில் ஒரு சிறு காந்தம் இருக்கிறது. ஊசி அசைய, காந்தம் அசைய, அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரம் ஏறத்தாழ 4 அல்லது 5 மில்லிவோல்ட்டு. அதாவது ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு. நம் ஒலிபெருக்கும் கருவியோ சில நூறு மில்லிவோல்ட்டுகளை எதிர்பார்க்கிறது. ஆகவே ஏறத்தாழ நூறு மடங்கு பெருக்கித் தர இடையில் ஒரு சிறு கருவி வேண்டும். அதற்குப் போனோ பிரீஆம்ப் என்று பெயர். முன்பெருக்கி என்று நாம் சொல்லலாம். பெரியப்பாவின் பழைய பெட்டிக்கு அது ஏன் தேவைப்படவில்லை என்ற ஐயம் எழும். அக்காலத்துச் சிறு பெட்டிகளில் காந்தத்துக்குப் பதிலாகப் பளிங்கு அல்லது பீங்கான் துண்டு இருந்தது. அது வளையும்போது பிறக்கும் மின்சாரம் பல மடங்கு வலியது.

காரணம் புரிந்துவிட்டது என்ற துணிவில் நான் செய்த தவறு இனிமேல்தான் வருகிறது. பெருக்குவதுதானே வேலை, எந்தப் பெருக்கியானால் என்ன என்று எண்ணி, பெயரில்லாத மலிவான பெட்டி ஒன்றை வாங்கினேன். இணைத்ததும் சத்தம் வந்தது, உண்மை. ஆனால் அதற்கு மேல் ஒரு பெரும் ரீங்காரம், வண்டுக் கூட்டம் போல. பாடலோ தகரத்தில் ஆணியால் கீறுவது போல் காதைத் துளைத்தது. அடிநாதம் சிறிதும் இல்லை. மூன்று வாரம் அதனோடு மல்லாடினேன். ஒருநாள் இடி மின்னலில் அதன் மின்வழங்கியும் கருகிப்போயிற்று.

அந்த வாரத்திலேயே நீலகிரியிலிருந்து அக்கா பேசினாள். பெரியப்பாவுக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகச் சொன்னாள். "கண் முழிச்சா தட்டு என்னாச்சுன்னு கேக்குறாரு" என்றாள். என்னால் விடை சொல்ல இயலவில்லை. மலிவாக முடிக்க எண்ணி மூன்று வாரங்களை வீணாக்கிய குற்றம் என் நெஞ்சை உறுத்தியது. பணத்தைப் பின்னர் ஈட்டிக்கொள்ளலாம். எண்பத்தேழு வயது மனிதரின் மூன்று வாரங்களை எங்கே சென்று ஈட்டுவது?

மறுநாள் எங்கள் கல்லூரியின் பௌதிக ஆசிரியரிடம் சொல்லி வருந்தினேன். அவர் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நகைத்தார்.

"மாஸ்டர், இது ஒலிவாங்கிக்கு உரிய சாதாரணப் பெருக்கி. உங்களுக்கு வேண்டியது பெருக்குவது மட்டும் அன்று, திருத்துவதும்" என்றார்.

"எதைத் திருத்துவது?"

"தட்டில் பாடல் உள்ளபடியே எழுதப்படவில்லை. கனத்த ஒலியை உள்ளபடி வெட்டினால் பள்ளம் அகன்று பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும். ஆகையால் அதைக் குறைத்து வெட்டுகிறார்கள். நுண்ணிய ஒலியை உள்ளபடி வெட்டினால் தட்டின் உராய்வோசை அதை மூடிவிடும். ஆகையால் அதை மிகுத்து வெட்டுகிறார்கள். கேட்கும்பொழுது குறைத்ததைக் கூட்டி, மிகுத்ததைக் குறைக்க வேண்டும். எவ்வளவு என்பதற்கு 1954இல் அமெரிக்க இசைத்தட்டு உற்பத்தியாளர் சங்கம் ஒரு பொதுக்கணக்கு வகுத்தது. அதற்கு முன்னர் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு கணக்கு."

இதைக் கேட்டதும் எனக்கு ஓலைச்சுவடி நினைவுக்கு வந்தது. தமிழாசிரியனுக்கு வேறு என்ன நினைவு வரும்? ஓலையில் எழுதியோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எழுத்தாணியின் கூர்முனை ஓலையைத் துளைத்துவிடும் என்று அஞ்சினர். படிப்பவன்தான் இடமறிந்து புள்ளியை இட்டுப் படிக்க வேண்டும். புள்ளியிடத் தெரியாதவன் கையில் சுவடி எழுத்துக் குவியலாகவே இருக்கும். தட்டும் அத்தகையதே. வெட்டியவன் பொருளின் இயல்பு கருதி விட்டுச் சென்றதைக் கேட்பவன் இட்டு நிரப்ப வேண்டும். நான் வாங்கிய பெட்டி, புள்ளியில்லாத சுவடியை உரத்த குரலில் வாசித்திருக்கிறது.

கணக்கையும் அவர் விளக்கினார். நடுவான ஒலியை ஓர் அளவாகக் கொண்டால், நொடிக்கு 20 அதிர்வுள்ள அடிநாதத்தை ஏறத்தாழப் பத்து மடங்கு கூட்ட வேண்டும். 20,000 அதிர்வுள்ள மிக நுண்ணிய ஒலியை ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். இதனால் விளையும் ஒரு தொல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அது அடிநாதத்தின் எல்லைக்குள் இருப்பதால், கம்பிவழி சிறிது நுழைந்தாலும் முன்பெருக்கி அதையும் சேர்த்து எழுநூறு மடங்கு வரை பெருக்கிவிடும். வண்டு ரீங்காரத்தின் பிறப்பிடம் அதுவே. தட்டுச்சுழற்றியிலிருந்து வரும் மெல்லிய தனிக்கம்பியை முன்பெருக்கியின் நிலத்தொடுப்புத் திருகாணியில் இணைத்தால் பெரும்பாலும் அது அடங்கும். நான் அந்தக் கம்பியை வேண்டாத கம்பி என்று எண்ணிச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தேன்.

இனி எந்தப் பெட்டியை வாங்குவது? இங்கேதான் பொருளாதாரம் குறுக்கிடுகிறது. பல்லாயிரம் டாலர் விலையுள்ள முன்பெருக்கிகளும் உலகில் இருக்கின்றன. அவற்றை வாங்குவோர் வாங்கட்டும். நமக்கு ஏற்றவை சில உண்டு. பெஹ்ரிங்கர் நிறுவனத்தின் பி.பி.400 என்பது உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டி. நான் விசாரித்தபோது வெளிநாட்டு விலை 30 டாலர் அளவில் இருந்தது. பெருக்கும், திருத்தும்; வேறொன்றும் செய்யாது. ஏ.ஆர்.டி. நிறுவனத்தின் டி.ஜே. பிரீ 2 என்பதில் பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியும், மிகத் தாழ்ந்த அதிர்வுகளை வெட்டும் ஆளியும் உள்ளன. விலை முன்னதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அதே நிறுவனத்தின் யூ.எஸ்.பி. போனோ பிளஸ் என்பது இவற்றோடு பாடலைக் கணினிக்குள் அனுப்பவும் வல்லது. ரேகாவின் போனோ மினி ஏ2டியும் அவ்வாறே கணினியோடு இணையும். விலை இன்னும் கூட. கேம்பிரிட்ஜ் ஓடியோவின் அல்வா சோலோ வேறோர் இடைநிலைப் பெட்டி.

பெரியப்பாவிடம் பாடலைச் சேர்க்க வேண்டுமாயின் கணினி இணைப்பு இன்றியமையாதது. கைபேசியில் பேசிக்கொண்டே பாட்டை ஒலிக்கவிட்டுப் பார்த்தோம். பேச்சுக்கென்று அமைந்த அந்தக் கருவி, பாடலைத் தேவையற்ற இரைச்சல் என்று கருதி விழுங்கிவிட்டது. ஆகவே யூ.எஸ்.பி. போனோ பிளஸ் பொருத்தமெனப் பட்டது. அதன் விலை ஏறத்தாழ 90 டாலர் என்று அறிந்தேன். 2022இல் சில மாதங்களுக்குள் டாலரின் மதிப்பு 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய நாட்டில் டாலர்க் கணக்குப் பார்ப்பதே நெஞ்சைப் பிசையும். டாலருக்கு 300 ரூபா என்று கொண்டாலும் 27,000 ரூபா.

"என்னங்க, பிள்ளைக்குத் தனிவகுப்புக் காசு கட்டணும். ஒரு பாட்டுக்கா இத்தனை?" என்றாள் என் மனைவி. அவள் கேட்டதில் தவறில்லை.

என் தாயார் முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். அவருக்கு ரூபாக் கணக்கு வராது; பேர்க் கணக்குத்தான் வரும். தோட்டத்தில் ஒரு நாள் முழு வேலை ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். "அது எத்தனை பேருக் காசு, தம்பி?" என்று கேட்டார். 2021இல் அரசு நிர்ணயித்த நாட்கூலி 1,000 ரூபா. 2024இல் அடிப்படைக் கூலி 1,350 ரூபா ஆயிற்று. "இருபது பேர், அம்மா" என்றேன்.

அம்மா சிறிது நேரம் மௌனமாக இருந்தார். "அந்தப் பெட்டிக்கு உங்க பெரியப்பா அதைவிடக் கூடப் பேரு குடுத்திருக்காரு. ஞாயித்துக்கிழமையும் வேலைக்குப் போனாரு. வாங்கு" என்றார். மனைவி அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

இறைவன் அருளால் முழுவிலையும் கொடுக்க நேரவில்லை. கொழும்பிலுள்ள என் பழைய மாணவர் ஒருவர், ஒருவர் பயன்படுத்திய அதே பெட்டியைப் பாதி விலைக்குத் தேடிப் பெற்று, மலைநாட்டுக்கு வந்த நண்பர் மூலம் கொடுத்தனுப்பினார். பத்துப் பேருக் காசு.

இவ்விடத்தில், வாங்க விரும்பும் அன்பர்களுக்கு நான் பட்டறிந்தவற்றைச் சொல்லிவிடுவது கடமை. முதலாவது, வாங்குமுன் வீட்டிலுள்ளதைப் பாருங்கள். பழைய ஒலிபெருக்கும் கருவிகள் பலவற்றில் 'போனோ' என்று குறித்த துளை இருக்கும். முன்பெருக்கி அதற்குள்ளேயே உண்டு. ஓடியோ டெக்னிக்காவின் எல்.பி.60எக்ஸ் போன்ற புதிய தட்டுச்சுழற்றிகளிலும் அது உள்ளடங்கியிருக்கிறது. அத்தகையோர் ஒரு காசும் செலவிட வேண்டியதில்லை. ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு முன்பெருக்கிகளை இணைத்தால் ஒலி சிதைந்துவிடும்.

இரண்டாவது, உங்கள் ஊசியுறுப்பு எவ்வகை என்று அறியுங்கள். அசையும் காந்தம் உடையதாயின் 40 டெசிபெல், அதாவது நூறு மடங்குப் பெருக்கம் போதும். அசையும் சுருள் உடையதாயின் பெரும்பாலும் ஆயிரம் மடங்கு வேண்டும். அது விலையுயர்ந்தோர் வழி. காந்த வகைக்கு முன்பெருக்கியின் உள்தடை 47,000 ஓம் என்பது பொதுவான அளவு. பெட்டியின் மேல் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற குறியும் இருத்தல் வேண்டும். திருத்தும் கணக்கின் பெயர் அது. அது இல்லாத பெட்டி என் முதற்பெட்டியின் உடன்பிறப்பு.

மூன்றாவது, மின்வழங்கியைக் கவனியுங்கள். நம் மின்சாரம் 230 வோல்ட்டு. அமெரிக்காவுக்கென்று செய்தது 120 வோல்ட்டுக்கு உரியது. மாற்றிச் செருகினால் பெட்டி புகையாகிவிடும். இடி முழங்கும் நாளில் செருகியைக் கழற்றி வையுங்கள். சித்திரை மாதத்து மாலை இடிக்கு மலைநாட்டில் எத்தனை தொலைக்காட்சிகள் பலியாகின்றன என்பதை நாம் அறிவோம்.

நான்காவது, நெடுநாள் அடுக்கிக் கிடந்த தட்டுகள் வளைந்திருக்கும். அவை சுழலும்போது காதுக்குக் கேளாத தாழ்ந்த அலைவு எழுந்து ஒலிபெருக்கித் தாளை வீணே அசைத்துக்கொண்டிருக்கும். தாழ்ந்த அதிர்வை வெட்டும் ஆளி உள்ள பெட்டி அத்தகைய தட்டுகளுக்கு நல்லது. ஐந்தாவது, நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டுகளுக்கு வேறு ஊசி வேண்டும். அவற்றின் பள்ளம் அகலம். சிறிய ஊசி அதன் அடியில் புரண்டு கெட்டுவிடும். இவற்றுக்கு மேல், பணம் மிஞ்சினால் அதனை நல்ல புதிய ஊசிக்குச் செலவிடுங்கள். தேய்ந்த ஊசி தட்டையே அழித்துவிடும். அழிந்த தட்டை எந்தப் பெட்டியும் மீட்காது.

பெட்டி வந்த அன்று மாலையே கம்பிகளை இணைத்தேன். சுருட்டி வைத்த அந்தத் தனிக்கம்பியைத் திருகாணியில் முறுக்கினேன். ரீங்காரம் அடங்கியது. பௌதிக ஆசிரியரும் வந்திருந்தார். ஊசி பள்ளத்தில் இறங்கியது. முதலில் சிறு பொரியல் ஓசை, அடுத்து மிருதங்கம். வயிற்றில் வந்து தட்டும் மிருதங்கம்! பிறகு அந்தக் குரல், ஓர் ஆள் கூடத்தில் நின்று பாடுவது போல எழுந்தது. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "தட்டு சாகல" என்று மட்டும் சொன்னார்.

பாடலின் நடுவில் ஓரிடத்தில் ஊசி தடுக்கி, ஒரே சொல்லை மூன்று நான்கு முறை பாடி, பின்னர் மேலே சென்றது. தட்டில் ஒரு கீறல் இருந்தது. கணினியில் பதிவு செய்து முடித்ததும் மகள் அந்த இடத்தைத் திரையில் காட்டினாள்.

"அப்பா, இந்த இடத்தை வெட்டி ஒட்டிவிடலாம். கீறல் இருந்ததே தெரியாது" என்றாள்.

வெட்டச் சொல்ல வாயெடுத்தேன். பெரியவர் கேட்கப்போவது குறையின்றி இருக்க வேண்டாமா? ஆயினும் ஏதோ ஒன்று தடுத்தது. ஏட்டைப் பதிப்பிப்பவன் புள்ளியை இடலாம். ஏட்டில் உள்ள எழுத்தைத் தன் விருப்பம்போல் அழிக்கக் கூடாது என்று மாணவருக்கு இருபது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். வெட்டியவன் விட்டதை நிரப்புவது வேறு. வாழ்ந்தவன் இட்டதை அழிப்பது வேறு. "இருக்கட்டும், அம்மா. உள்ளபடியே அனுப்பு" என்றேன்.

பெரியப்பா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி நான்கு நாட்களே ஆகியிருந்தன. அக்காவின் மகன் பாடலை ஒலிபெருக்கியில் போட, நாங்கள் கைபேசித் திரையில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணை மூடிக் கேட்டார். முகத்தில் அசைவில்லை. நினைவு மங்கிவிட்டதோ என்று நான் அஞ்சினேன். பாடல் அந்த இடத்துக்கு வந்தது. ஒரே சொல், மீண்டும், மீண்டும், மீண்டும்.

பெரியப்பா கண்ணைத் திறந்தார். சிரித்தார். பல்லில்லாத வாய் நிறையச் சிரித்தார்.

"பெரியம்மா" என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் விளங்கியது. ஒருநாள் மாலை கொழுந்துக் கூடையோடு மழையில் ஓடிவந்த பெரியம்மா, இருட்டில் பெட்டியின் மேல் இடித்துக்கொண்டாராம். ஊசி தட்டைக் கீறிவிட்டது. வாங்கி ஒரு மாதமும் ஆகாத தட்டு. பெரியப்பா அன்று இரவு சாப்பிடவில்லையாம். அதன்பின் அந்த இடம் வரும்போதெல்லாம் அவர் பெரியம்மாவைப் பார்த்துச் சிரிப்பதும், பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வதும் வழக்கமாகிவிட்டதாம். பெரியம்மா காலமாகிப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. கைபேசியில் அந்தப் பாடலைப் பலமுறை கேட்டும் பெரியப்பா நிறைவு கொள்ளாததன் காரணம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பாடல்களில் கீறல் இல்லை.

"இன்னொருக்கா போடு" என்று பேரனிடம் சொன்னார்.

இப்பொழுது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டில் அந்தப் பதினொரு தட்டுகளும் முறைவைத்துச் சுழல்கின்றன. அக்கம்பக்கத்தாரும் தங்கள் பரணிலிருந்து தட்டுகளை எடுத்து வருகிறார்கள். கணக்குப் புத்தகத்தில் என் மனைவி அந்தப் பெட்டியின் செலவை எழுதிய இடத்தில், எந்த இனத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் முதலில் வெற்றிடமாக விட்டிருந்தாள். சென்ற வாரம் பார்த்தேன். 'குடும்பச் செலவு' என்று எழுதியிருந்தாள்.